குடும்ப டாக்டருக்கு எதற்குத் தனிப் படிப்பு?

“வெறும் எம்.பி.பி.எஸ். தானா? மேல்படிப்பு எதுவும் இல்லையா?” தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரைப் பற்றி நம் வீடுகளில் சர்வசாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி இது. ஒரே உறுப்பைப் படித்தவர் பெரிய டாக்டர், எல்லாவற்றையும் பார்ப்பவர் சின்ன டாக்டர் என்று ஒரு கணக்கு நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கு தப்பு. எந்த நோய் என்றே தெரியாமல் வருகிறவரை முதலில் பார்ப்பது தனி வித்தை. அதற்குத் தனிப் படிப்பும் தனிப் பேராசிரியர்களும் தனி ஆராய்ச்சியும் உண்டு. டாக்டர்கள் போகத் தயங்கும் ஊர்களுக்கு டாக்டரைக் கொண்டுசேர்த்ததிலும் குடும்ப மருத்துவம் என்ற இந்தத் துறைக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்பதை முதலிலிருந்து பார்க்கலாம். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் வரும். குடும்ப மருத்துவம் கல்லூரித் துறையாக வேர்பிடித்தது அங்கேதான்.

## மூன்று பெயர்கள், மூன்று வேலைகள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘ஜெனரல் மெடிசின்’ என்று போர்டு மாட்டியிருக்கும் எம்.டி. டாக்டர், பெரியவர்களின் உள்ளுறுப்பு நோய்களைப் படித்தவர். குழந்தை, பிரசவம், சிறு அறுவை எல்லாம் அவர் படிப்பில் பெரும்பாலும் வராது. ‘கம்யூனிட்டி மெடிசின்’ படித்தவர் ஒரு வட்டாரம் முழுவதன் ஆரோக்கியத்தைப் பார்ப்பவர்: தடுப்பூசி, குடிநீர், தொற்று, புள்ளிவிவரம்.

குடும்ப மருத்துவம் இந்த இரண்டுமில்லை. வயது, பால், உறுப்பு, நோய் என்று எதையும் சொல்லிக் கதவை மூடாமல், ஒரு குறிப்பிட்ட மக்கள் கூட்டத்துக்கு ஆண்டுக்கணக்கில் பொறுப்பேற்கும் மருத்துவம் அது. பிரிட்டனில் இதைப் பொதுநல மருத்துவம் என்கிறார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் 1963-ல் ரிச்சர்ட் ஸ்காட் பேராசிரியராக அமர்ந்தார். இந்தத் துறைக்கென்று உலகில் அமைந்த முதல் பேராசிரியர் இருக்கை அதுதான். அமெரிக்காவில் 1969-ல் இதை 20-வது சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டார்கள். ஒருமுறை வாங்கிய சான்றிதழை ஆயுள் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது, குறித்த காலத்தில் மறுபடி தேர்வு எழுதவேண்டும் என்ற விதியை அங்கே முதலில் தனக்குத்தானே போட்டுக்கொண்டதும் இந்தத் துறைதான். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தபின் தேசியத் தேர்வு வாரியம் தரும் 3 ஆண்டு டி.என்.பி. குடும்ப மருத்துவம் படிக்கலாம். சில கல்லூரிகளில் எம்.டி. படிப்பும் உண்டு.

## கரண்ட் போனால் யாரைக் கூப்பிடுகிறோம்?

வீட்டில் கரண்ட் போய்விட்டது. நாம் கூப்பிடுவது தெரு எலெக்ட்ரீஷியனைத்தான். டிரான்ஸ்ஃபார்மர் வடிவமைக்கும் பொறியாளரை யாரும் கூப்பிடுவதில்லை. எலெக்ட்ரீஷியன் வாசலிலேயே கேட்பார்: “பக்கத்து வீட்டுல கரண்ட் இருக்கா?” இந்த ஒரே கேள்வியில் பாதி காரணங்கள் அடிபட்டுப் போகும். அடுத்து ஃபியூஸ், அடுத்து மெயின் சுவிட்ச். இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவரும் அவரே என்றால், போன மழைக்கு எந்தச் சுவரில் ஈரம் ஏறியது என்பதும் அவருக்குத் தெரியும். தன்னால் முடியாது என்றால் மின்வாரியத்தில் யாரிடம் சொல்லவேண்டும் என்பதையும் அவரே சொல்வார்.

குடும்ப மருத்துவத்தின் நான்கு தூண்களும் இதில் அடங்கிவிடுகின்றன. எந்தப் பிரச்சினைக்கும் முதலில் போகும் இடமாக இருப்பது முதல் தொடர்பு. வீட்டின் எந்த மூலையில் பழுதென்றாலும் பார்ப்பது முழுமை. அதே ஆளே வருவது தொடர்ச்சி. சரியான ஆளிடம் அனுப்பி, என்ன ஆயிற்று என்று கேட்டு வாங்கிக்கொள்வது ஒருங்கிணைப்பு. இந்த நான்கையும் வரையறுத்து, அளக்கும் முறைகளையும் வகுத்துத் தந்தவர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்பரா ஸ்டார்ஃபீல்டு. அவர் அடிப்படையில் குழந்தை மருத்துவர்.

## ஆயிரம் பேரில் ஒருவர்

1961-ல் கெர் ஒயிட்டும் சக ஆய்வாளர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பெரியவர்கள் 1,000 பேரை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதாவது உடம்புக்கு முடியாமல் போகிறது. 250 பேர் டாக்டரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனை வரை போவது ஒரே ஒருவர்.

மருத்துவ மாணவர்கள் அந்த ஒருவரைப் பார்த்துத்தான் மருத்துவம் படிக்கிறார்கள். அவர் ஏற்கெனவே பல கைகளால் சலிக்கப்பட்டு வந்தவர். மீதி 249 பேரின் நோய் எப்படித் தொடங்குகிறது, எது தானாகச் சரியாகிறது, எது முற்றுகிறது என்பதை அந்த வார்டில் நின்றுகொண்டு கற்றுக்கொள்ள முடியாது. குடும்ப மருத்துவத்துக்குத் தனித்துறை கேட்டவர்களின் வாதத்துக்கு இந்தக் கணக்கு பெரிய பலமாக இருந்தது.

## ஒரே சோதனை, இரண்டு பதில்கள்

இப்போது உள்ளே இருக்கும் எந்திரத்தைப் பார்ப்போம். இதைப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ஒரு சோதனை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோய் இல்லாத 100 பேரில் 90 பேரை ‘இல்லை’ என்று சரியாகச் சொல்லும். நல்ல சோதனைதான்.

பெரிய மருத்துவமனையின் சிறப்புப் பிரிவுக்கு வரும் 1,000 பேரில் 300 பேருக்கு அந்த நோய் இருக்கிறது என்போம். சோதனை 270 பேரைச் சரியாகப் பிடிக்கும். நோயில்லாத 700 பேரில் 70 பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும். ஆக ‘உண்டு’ என்று வந்த 340 பேரில் 270 பேருக்கு, அதாவது 100-க்கு 79 பேருக்கு, நோய் நிஜமாகவே இருக்கிறது.

அதே சோதனையைத் தெருமுனை கிளினிக்கில் செய்வோம். அங்கே வரும் 1,000 பேரில் 10 பேருக்குத்தான் நோய். 9 பேரைப் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்குத் தவறாக ‘உண்டு’ என்று காட்டும். மொத்தம் 108 பேர் பயந்துபோய் நிற்பார்கள். அவர்களில் 9 பேருக்குத்தான் நோய், அதாவது 100-க்கு 8 பேர்.

சோதனை மாறவில்லை. வருகிற கூட்டம் மாறியதும் பதிலின் பொருள் மாறிவிட்டது. சோதனைக்கு முன்பே ஒருவருக்கு அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற மதிப்பீட்டை முன்வாய்ப்பு என்கிறோம். முன்வாய்ப்பு குறைந்த இடத்தில் ஸ்பெஷலிஸ்ட்டைப் போல எல்லாச் சோதனையும் எழுதித் தள்ளினால் நோயை விடப் பொய்யெச்சரிக்கைதான் அதிகம் கிடைக்கும். அதன் பின்னால் ஸ்கேன், ஊசி, பயாப்ஸி, செலவு, தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் வரிசையாக வரும். தலைவலி என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஸ்கேன் எழுதாத டாக்டர் அலட்சியக்காரர் என்று முடிவுகட்டுவதற்கு முன் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

அப்படியென்றால் நோயுள்ள அந்த 10 பேரைத் தவறவிடாமல் இருப்பது எப்படி? இதற்கு மூன்று கருவிகள் உண்டு. ஒன்று, அபாய அறிகுறிகளைத் தேடிக் கேட்பது. முதுகுவலி என்றால் சிறுநீர் அடைப்பு, உட்காரும் பகுதியில் மரத்துப்போதல், காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, முன்பு புற்றுநோய் இருந்ததா என்று தவறாமல் கேட்கவேண்டும். இரண்டாவது, காலத்தையே சோதனையாக வைப்பது. பெரும்பாலான சாதாரண முதுகுவலி சில வாரங்களில் குறையத் தொடங்கும். குறையாதது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். மூன்றாவது, வலை விரித்து அனுப்புவது. “சரியாகலேன்னா வாங்க” என்பது வலை ஆகாது. எந்த அறிகுறி வந்தால், எத்தனை நாளில், எங்கே வரவேண்டும் என்ற மூன்றையும் சொல்லி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டால்தான் அது வலை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: குடும்ப மருத்துவரிடம் வருவது இன்னும் பெயர் வைக்கப்படாத நோய். அங்கே கடும்நோய்களின் முன்வாய்ப்பு குறைவு. ஆகவே சோதனையைக் குறைத்து, கேள்வியையும் காலத்தையும் கூட்டிப் பயன்படுத்துவதுதான் அறிவியல்படி சரியான முறை.

## அதே டாக்டர் என்பதில் என்ன இருக்கிறது?

“கைராசி டாக்டர்” என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு பகுதியை அளந்து பார்த்திருக்கிறார்கள். நார்வேயில் பல லட்சம் பேரின் பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வில், ஒரே குடும்ப டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்டகாலம் இருந்தவர்களிடம் அவசரமாக ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பு 28 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தன. பிற காரணங்களும் கலந்திருக்கலாம் என்பதால் இதைக் காரண-காரியமாக அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 2018-ல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது 22-ல் 18 ஆய்வுகள் இதே திசையைத்தான் காட்டின.

தொடர்ச்சியை அளக்க எளிய வழி உண்டு. ஒருவர் ஆண்டில் 10 முறை வந்து, அதில் 6 முறை தன் சொந்த டாக்டரைப் பார்த்திருந்தால் அவருடைய தொடர்ச்சி அளவு 0.6. கிளினிக் முழுவதற்கும் மாதாமாதம் இதைக் கணக்கிட்டுச் சுவரில் ஒட்டும் துறைகள் உண்டு. ஒட்டவேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். கண்ணில் படாத எண்ணை யாரும் திருத்துவதில்லை.

## துறை என்பது உண்மையில் எப்படி இயங்குகிறது?

கல்லூரியில் குடும்ப மருத்துவத் துறை என்றால் நாற்காலிகளும் வகுப்பறையும் மட்டும் போதாது. துறைக்குச் சொந்தமாக ஒரு கிளினிக் வேண்டும். பொது மருத்துவத்துக்கு வார்டு எப்படியோ, இதற்கு அந்த கிளினிக் அப்படி. அமெரிக்காவில் அடிப்படை மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு சம்பளத்தோடு பெறும் பயிற்சியை ரெசிடென்சி என்பார்கள். குடும்ப மருத்துவத்தில் அது 3 ஆண்டு. ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் சொந்தமாக நோயாளிப் பட்டியல் உண்டு. அந்த மூன்று ஆண்டும் அவர்கள் “என் நோயாளிகள்”.

பயிற்சி நடக்கும் விதத்தைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். கிளினிக்கின் நடுவில் ஒரு சிறிய அறை. அதில் ஓர் ஆசிரிய டாக்டர். அவருக்கு நான்கு ரெசிடென்ட்டுகளுக்கு மேல் இருக்கக் கூடாது. ரெசிடென்ட் நோயாளியைத் தனியாகப் பார்த்துவிட்டு இந்த அறைக்கு வந்து சொல்வார். ஒரு மாதிரிக் காட்சி: 52 வயதுப் பெண், கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை, இரண்டு வருடமாக முழங்கால் வலி. பி.பி. 158/94. ரெசிடென்ட்டின் யோசனை, பி.பி. மாத்திரையின் அளவைக் கூட்டலாம், முழங்காலுக்கு எக்ஸ்ரே எடுக்கலாம் என்பது. ஆசிரியர் கேட்கிறார்: “ரெண்டு வருஷமா வலிக்குது. இன்னைக்கு ஏன் வந்தாங்க?”

ரெசிடென்ட் திரும்பிப் போய்க் கேட்கிறார். அந்தப் பெண் வலி தாங்காமல் கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கி நாளுக்கு நான்கைந்து போட்டுக்கொள்கிறார். இந்த வாரம் மேற்பார்வையாளர், “தூக்க முடியலேன்னா சொல்லிடு” என்றிருக்கிறார். வேலை போய்விடுமோ என்ற பயத்தில்தான் இன்று வந்திருக்கிறார். இப்போது படமே மாறுகிறது. அந்த வலி மாத்திரையே பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகவே பி.பி. மாத்திரையைக் கூட்டவேண்டாம். ஐபுப்ரோஃபெனை நிறுத்தி, பாராசிட்டமால் கொடுத்து, தொடைத்தசைப் பயிற்சி சொல்லிக்கொடுத்து, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை செய்து, இரண்டு வாரத்தில் பி.பி.யைத் திரும்பப் பார்க்கவேண்டும். இவற்றோடு, தூக்கும் எடைக்கு வரம்பு குறித்து வேலையிடத்துக்கு ஒரு கடிதம். எக்ஸ்ரே இப்போதைக்குத் தேவையில்லை.

அந்த அறையில் பேசுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. 1992-ல் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதிவைத்தது. முதலில் மாணவரை ஒரு முடிவு சொல்லவைக்க வேண்டும்: “உங்க கணிப்பு என்ன?” அடுத்து அதற்கு ஆதாரம் கேட்க வேண்டும். பிறகு பொதுவாகப் பொருந்தும் ஒரே ஒரு விதியைச் சொல்லிக்கொடுத்து, சரியாகச் செய்ததைக் குறிப்பிட்டுப் பாராட்டி, கடைசியாகத் தவறைத் திருத்த வேண்டும். இந்த வரிசை பெரும்பாலும் முதல் படியிலேயே கெடுகிறது. ஆசிரியர் அவசரத்தில் விடையைத் தானே சொல்லிவிடுவார். அடுத்த முறையும் மாணவர் யோசிக்காமல் விடைக்காக வந்து நிற்பார்.

## துறைத் தலைவரின் மேசையில் என்ன இருக்கிறது?

பணம்தான் முதலில். அமெரிக்காவில் பெரும்பாலும் செய்த சேவைக்கு ஏற்பக் கட்டணம். அரை மணி நேரம் பேசி ஒரு மாத்திரையை நிறுத்துவதற்குக் கிடைப்பது, அதே நேரத்தில் ஒரு குழாய் விட்டுப் பார்ப்பதற்குக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆகவே கல்லூரிக் கணக்கில் குடும்ப மருத்துவம் எப்போதும் நட்டக்கணக்காகத் தெரியும். அந்த கிளினிக் அனுப்பும் நோயாளிகளால் பிற துறைகளுக்கு வரும் வருமானத்தையும், தவிர்த்த ஆஸ்பத்திரி அனுமதிகளையும் எடுத்துவைத்து வாதாடுவது தலைவரின் நிரந்தர வேலை.

இரண்டாவது, ஆள் கணக்கு. ஒரு டாக்டரால் எத்தனை பேருக்குப் பொறுப்பேற்க முடியும்? பட்டியலில் உள்ளவர்களை ஆண்டுக்கு ஒருவர் வரும் சராசரி முறையால் பெருக்குங்கள். டாக்டர் ஒரு நாளில் பார்க்கும் எண்ணிக்கையை ஆண்டின் வேலைநாட்களால் பெருக்குங்கள். இரண்டும் சமமாக வேண்டும். 1,500 பேர், ஆளுக்கு 3 முறை என்றால் 4,500. நாளுக்கு 20 பேர், 225 நாள் என்றாலும் 4,500. பட்டியலை 2,500 ஆக்கினால் நாளுக்கு 33 பேர் பார்க்கவேண்டி வரும். ஒருவருக்குக் கிடைக்கும் நிமிடங்கள் சுருங்கும், கேள்விகள் சுருங்கும், அந்த இடத்தைச் சோதனைச் சீட்டு நிரப்பும்.

2,500 பேருக்கு வழிகாட்டு நெறிகளில் சொன்ன எல்லாவற்றையும் ஒரே டாக்டர் செய்தால் நாளுக்கு 26.7 மணி நேரம் ஆகும் என்று ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. ஒரு நாளில் அவ்வளவு மணியே கிடையாது. செவிலியர், மருந்தாளர், உணவு ஆலோசகர், சமூகப்பணியாளர் என்று குழுவாகப் பிரித்துக்கொண்டால் டாக்டரின் பங்கு 9.3 மணி நேரமாக இறங்கும். குழு வேண்டும் என்று துறைத் தலைவர்கள் விடாமல் கேட்பது இதனால்தான்.

## டாக்டர் எங்கே குடியேறுவார்?

கிராமத்துக்குப் போகச் சொல்லி மேடையில் பேசினால் யாரும் போவதில்லை. எவர் போகிறார் என்பதை ஆராய்ந்து, அதற்கேற்பச் சேர்க்கையையே மாற்றியவர்களில் ஒருவர் ஹோவர்டு ராபினோவிட்ஸ், ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் குடும்ப மருத்துவப் பேராசிரியர். அந்தக் கல்லூரி 1974-ல் டாக்டர் பற்றாக்குறைப் பகுதிகளுக்கென்று ஒரு சிறப்புச் சேர்க்கைத் திட்டம் தொடங்கியது. அதை நீண்டகாலம் வழிநடத்தியவர் அவர்.

முறை எளியது. ஊர்ப்புறத்தில் வளர்ந்தவர்களாகவும் குடும்ப மருத்துவம் செய்ய விரும்புகிறவர்களாகவும் உள்ள மாணவர்களுக்கு ஆண்டுக்குச் சில இடங்கள். சேர்ந்தபின் குடும்ப மருத்துவத் துறையிலிருந்து ஓர் ஆலோசக ஆசிரியர். பயிற்சியின் ஒரு பகுதி ஊர்ப்புற கிளினிக்கில். படிப்பை முடித்தபின் கிராமத்தில்தான் இருக்கவேண்டும் என்று சட்டப்படி கட்டாயம் எதுவும் இல்லை.

1999-ல் வந்த முடிவு இது. பென்சில்வேனியாவின் ஏழு மருத்துவக் கல்லூரிகளில் படித்து அந்த மாநிலத்தின் கிராமப்புறத்தில் வேலைசெய்த குடும்ப மருத்துவர்கள் 150 பேர். அவர்களில் 32 பேர் இந்தத் திட்டத்தில் படித்தவர்கள், அதாவது 21 சதவீதம். அந்த ஏழு கல்லூரிகளில் படித்து வெளிவந்தவர்களிலோ இவர்கள் வெறும் 1 சதவீதம். பின்னர் 11 முதல் 16 ஆண்டு கழித்துப் பார்த்தபோது, திட்டத்தில் படித்தவர்களில் 68 சதவீதம் பேர் அதே ஊர்ப் பகுதியில் இருந்தார்கள். மற்ற கிராமப்புறக் குடும்ப மருத்துவர்களில் அது 46 சதவீதம்.

போவது ஒரு விஷயம், தங்குவது வேறு விஷயம் என்பதை அவர் பிரித்துப் பார்த்ததுதான் இதில் முக்கியம். கட்டாயப் பணி, பட்டம் பெற்றவரைக் கொஞ்ச காலத்துக்கு அனுப்பிவைக்கும். தங்கவைப்பது வளர்ந்த ஊரும், பயிற்சி பெற்ற இடமும், வாழ்க்கைத்துணைக்கு அங்கே வேலை கிடைப்பதும்தான்.

பயிற்சி பெற்ற இடம் என்பது ரெசிடென்சிக்கும் பொருந்தும். அமெரிக்கக் குடும்ப மருத்துவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பயிற்சி முடித்த இடத்திலிருந்து 100 மைலுக்குள் வேலைசெய்கிறார்கள். அப்படியானால் பயிற்சியை டாக்டர் இல்லாத இடத்தில் வைக்கவேண்டும். ஆனால் அமெரிக்காவில் ரெசிடென்சிக்கான மத்திய அரசின் பணத்தில் பெரும்பகுதி, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வழியாக ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. 1997-ல் அந்த இடங்களின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு போட்டார்கள். 2010-ன் சுகாதாரச் சட்டம், ஏழைகளைப் பார்க்கும் சமுதாய நலமையங்களுக்கே நேரடியாகப் பணம் கொடுத்து ரெசிடென்ட்டுகளைப் பயிற்றுவிக்க வழிசெய்தது. துறைத் தலைவர்கள் பலர் ஆஸ்பத்திரியைச் சாராத பயிற்சியிடங்களை அதன்மூலம் உருவாக்கினார்கள்.

மேலே சொன்னதன் சாரம்: டாக்டர் பற்றாக்குறை என்பது பெரும்பாலும் பங்கீட்டின் கோளாறு. யாரைச் சேர்க்கிறோம், எங்கே பயிற்றுகிறோம், பணம் எந்த வழியாகப் போகிறது என்ற மூன்று மதகுகளும் துறையின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

## வராதவரைத் தேடுவது

ஏழைப் பகுதியில் கிளினிக் திறந்தால் போதும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. கிளினிக்குக்கு வருபவர்கள் வர முடிந்தவர்கள்.

தெற்கு வேல்ஸில் க்ளின்கோரக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டாக்டர் இருந்தார். நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியவர். அதற்குத் தலைகீழ் கவனிப்பு விதி என்று பெயர். அவருடைய பட்டியலில் சுமார் 2,000 பேர். அவர்களில் பெரியவர்கள் அத்தனை பேரின் பி.பி.யையும் அளந்துவிட வேண்டும் என்று 1960-களின் கடைசியில் தொடங்கினார். இன்னும் அளக்காதவர்களின் சீட்டில் அடையாளம் போட்டுவைப்பது. இருமலுக்கு வந்தாலும் சரி, சான்றிதழுக்கு வந்தாலும் சரி, அன்றைக்கே அளந்துவிடுவது. கடைசியில் மிஞ்சுகிறவர்களின் வீட்டுக்கே போவது.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? அன்றைய நிலவரத்தைப் பாதி விதி என்பார்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ள 1,000 பேரில் தெரிந்திருப்பது 500 பேருக்கு. அவர்களில் சிகிச்சை பெறுவது 250. அதில் கட்டுக்குள் இருப்பது 125. கிளினிக்கில் உட்கார்ந்து அந்த 250 பேருக்கு என்னதான் சிறப்பான மருந்து எழுதினாலும் மீதி 750 பேருக்கு அதனால் பயனில்லை. 25 ஆண்டுக்குப் பிறகு வெளியிட்ட கணக்கில், பக்கத்து ஊரோடு ஒப்பிட 65 வயதுக்கு முந்தைய மரணங்கள் க்ளின்கோரக்கில் 28 சதவீதம் குறைவாக இருந்தன. கிராமத்து கிளினிக்கிலிருந்தே ஆராய்ச்சி செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் சமுதாய நலமையங்கள் இதே எண்ணத்தில் பிறந்தவை. ஜாக் கைகர், கவுன்ட் கிப்ஸன் என்ற இரு டாக்டர்கள் 1965-ல் பாஸ்டனிலும், பிறகு மிசிசிப்பியின் மவுண்ட் பையூவிலும் தொடங்கினார்கள். மாணவராக இருந்தபோது தென்னாப்பிரிக்காவின் பொலேலாவில் சிட்னி கார்க் நடத்திய மையத்தில் இதைக் கற்றுக்கொண்டவர் கைகர். மிசிசிப்பியில் ஊட்டமில்லாமல் வாடிய குழந்தைகளுக்கு மருந்துச்சீட்டில் உணவையே எழுதினார்கள். மளிகைக் கடைகளில் அந்தச் சீட்டுக்கு உணவு கிடைத்தது, பணம் மையத்தின் மருந்தகக் கணக்கிலிருந்து போனது. இன்று இத்தகைய மையங்கள் 3 கோடிக்கும் அதிகமானோரைப் பார்க்கின்றன. அவற்றுக்கு இரண்டு விதிகள் முக்கியம். நிர்வாகக் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் அங்கே சிகிச்சை பெறும் நோயாளிகளாக இருக்கவேண்டும். கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப இறங்கவேண்டும்: வறுமைக்கோட்டிலோ அதற்குக் கீழோ இருந்தால் முழுத் தள்ளுபடி அல்லது பெயரளவுத் தொகை, அதன் இரண்டு மடங்கு வருமானம் வரை பகுதித் தள்ளுபடி.

நம் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. இதற்கு ஒப்பான ஒன்றை நடத்துகிறது. நகரத்து ஏழைகளுக்கென்று குறைந்த செலவு மருத்துவப் பிரிவு ஒன்றைத் தனியே வைத்து, அதிலேயே குடும்ப மருத்துவமும் கற்றுத்தருகிறார்கள். ஏற்கெனவே ஊர்களில் கிளினிக் நடத்தும் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்குத் தொலைநிலைக் கல்வியில் குடும்ப மருத்துவப் பட்டயமும் உண்டு. ஊரில் இருப்பவரை ஊரிலேயே வைத்துப் படிக்கவைக்கும் வழி அது.

## எங்கே கெடுகிறது

மாணவர்கள் மனம் மாறுவது பாடத்திட்டத்தால் இல்லை, காரிடார் பேச்சால். “நல்லா படிக்கிற பையன், ஏன் ஃபேமிலி மெடிசின்?” என்று ஒரு மூத்த பேராசிரியர் சொன்னால் ஓராண்டு வகுப்பு வீண். துறையின் ஆசிரியர்கள் முதலாம் ஆண்டிலிருந்தே வகுப்பில் முகம் காட்டினால்தான் இதற்கு மாற்று.

மொழி இன்னொரு பள்ளம். தாய்க்கு ஆங்கிலம் தெரியாதென்று பத்து வயது மகளை மொழிபெயர்க்க வைப்பது வழக்கமாக நடக்கிறது. மாதவிலக்கையோ கணவன் அடிப்பதையோ அந்தத் தாய் மகள் வாயால் சொல்லமாட்டார். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியிலாவது சேர்க்கவேண்டும். அதற்காகும் கூடுதல் நேரத்தை அட்டவணையிலேயே ஒதுக்கவேண்டும். ஒதுக்காவிட்டால் அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது மொழிபெயர்ப்பாளர்தான்.

நோயாளி வராமல் போனால் ‘ஒத்துழைப்பில்லை’ என்று எழுதிவிடுவது மூன்றாவது. பஸ் நேரம், ஷிப்ட், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று காரணங்களைப் பதிவுசெய்தால், மாலை நேர ஓ.பி. ஒன்றைத் திறந்தாலே பாதி சரியாகிவிடும் என்பது தெரியவரும்.

எல்லாவற்றையும் விடக் கனமானது, துறையின் உள்ளேயே இருக்கும் முரண். ஏழைகளின் கிளினிக்கே பயிற்சி கிளினிக்காகவும் இருக்கிறது. தொடர்ச்சி வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் இடத்திலேயே மூன்று ஆண்டுக்கு ஒருமுறை டாக்டர் மாறிவிடுகிறார். ஆண்டுதோறும் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான நோயாளிகள் புது டாக்டரின் பட்டியலுக்கு மாறுகிறார்கள். பார்க்கப்படாத சோதனை முடிவுகள் தொலைந்துபோவது அந்த வாரங்களில்தான். இதைச் சரியாகச் செய்யும் துறைகள், போகிறவர் மூன்று நான்கு மாதம் முன்பே நோயாளியிடம் சொல்லிவிட ஏற்பாடு செய்கின்றன. சிக்கலான நோயாளிகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு, பழையவரும் புதியவரும் ஒரே அறையில் இருக்க ஒருமுறையாவது சந்திப்பு வைக்கிறார்கள். நிலுவையில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் ரெஃபரலுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறுப்பாளரை நியமிக்கிறார்கள். பட்டம் பெற்றுப் போகாத ஓர் ஆசிரிய டாக்டரும் ஒரு செவிலியரும் அந்தக் குடும்பத்துக்கு எப்போதும் மாறாத ஆட்களாக இருக்கிறார்கள்.